காலைத் தூக்காமல் கடந்த காயல்

காலை ஐந்து ஐம்பது. வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கைப்பிடியில் மாட்டியிருந்த பால் தூக்கு. மூடியைத் திறந்து பார்த்தேன். காலி.

யமுனை பெருகி டெல்லிக்குள் ஏறிய அந்த ஜூலை மாதத்தில் நடந்தது இது. மயூர் விஹாரில் எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பின் கடைசிக் கட்டடத்தில் இருக்கிறோம். பால்கனியில் நின்றால் புஷ்தா தெரியும். ஆறு ஊருக்குள் வராமல் இருக்கப் போட்ட மண்கரைக்கு இங்கே அதுதான் பெயர். அதன் மேலேயே சாலையும் போகிறது. கரைக்கு அந்தப் பக்கம் ஆறு வரைக்கும் தாழ்ந்த நிலம். கீரை, முள்ளங்கி, சுரைக்காய் எல்லாம் அங்கே விளையும். எங்கள் பால்காரர் அங்கேதான் குடிசை போட்டு மூன்று எருமைகளை வைத்திருந்தார். எங்கள் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவர் பால்தான். பனிமூட்டத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத ஜனவரி மாதத்தில்கூடத் தூக்கு காலியாக இருந்ததில்லை.

நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு வீட்டில் இருந்தபடியே செய்திகளை மொழிபெயர்த்துக் கொடுக்கிறவன். யமுனை அபாய அளவைத் தாண்டிய செய்தியை முந்தின இரவு நானே எழுதி அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டு வருகிறார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தத் தாழ்வான பகுதியில்தான் எங்கள் பால்காரரும் இருக்கிறார் என்பது, காலித் தூக்கைப் பார்க்கும் வரை எனக்கு உறைக்கவில்லை.

"ஏங்க, இங்க வாங்களேன். வந்து இதப் பாருங்க."

மனைவி பால்கனியில் நின்றிருந்தாள். புஷ்தாவுக்கு அந்தப் பக்கம் நிலத்தையே காணோம். மின்கம்பங்கள், தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு வேப்பமரங்கள், தூரத்தில் சின்னதாக ஒரு மேடு. மற்றதெல்லாம் தண்ணீர். காற்று இல்லை. தகடு மாதிரி கிடந்த தண்ணீரில் மேகம் தெரிந்தது.

"அப்படியே எங்க ஊரு ஏரிங்க" என்றாள். குரலில் பயம் இல்லை. ரொம்ப நாள் கழித்து ஊருக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்குகிறவளின் குரல் அது.

அவள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் வரை லீவு நாளெல்லாம் அம்மாவோடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவள். வாயில் ஓலைக்கூடையைக் கவ்விக்கொள்வார்களாம். கிடைத்த இறாலை அதில் போட்டுக்கொண்டே போவார்களாம். பிறகு பரீட்சை எழுதி, மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் சேர்ந்து டெல்லிக்கு வந்தாள். அன்றைக்கு அவள் தண்ணீரில் இறங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் அதை ஏரி என்று சொல்வதில் எங்களுக்குள் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கு உண்டு. மழைத் தண்ணீர் நின்றால்தான் ஏரி, உங்கள் ஊரில் கடல் தண்ணீர் உள்ளே வந்து நிற்கிறது, அதற்குக் காயல் என்று பெயர் என்பேன். ஆங்கிலச் செய்தியில் இப்படி ஒரு நீர்நிலை வந்தால், கேரளம் என்றால் காயல், இலங்கையின் கிழக்குக்கரை என்றால் களப்பு, ஆறு கடலில் சேரும் இடம் என்றால் கழிமுகம், உப்புத் தண்ணீர் குறுகலாக உள்ளே நீண்டு போனால் உப்பங்கழி என்று பொருத்தம் பார்த்துப் போடுவேன். விருதுநகர்ப் பக்கம் பிறந்தவன் நான். இவற்றில் ஒன்றிலும் என் கால் நனைந்ததில்லை. "பேரு வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ எறங்கிப் பாருங்க" என்பாள். மாமனார் வீட்டுக்குப் போகும்போதுகூட நான் கரையோடு சரி.

அன்று காலை நாங்கள் இருவரும் கல்லூரியில் படிக்கும் எங்கள் பெண்ணும் புஷ்தாவுக்குப் போனோம். சாலை ஓரம் நெடுகத் தார்ப்பாய்க் கூரைகள். அடியில் கட்டில்கள், பாத்திரங்கள், ஆடுகள், டிராக்டர்கள். பால்காரரின் மனைவி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்தியில் நடந்த பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்; அக்கா, அண்ணா, தங்கை என்று கூப்பிடும் தீதி, பையா, பெஹன் மட்டும் அப்படியே.

"தீதி, ராத்திரி படகு வந்துச்சு. மனுஷங்க மட்டும்தான்னு சொன்னாங்க. என்னை ஏத்தி விட்டுட்டு இவரு வர மாட்டேன்னுட்டாரு. பெரிய எருமைக்கு அப்பத்தான் வலி எடுத்திருந்துச்சு."

நாங்கள் பால்கனியில் இருந்து பார்த்த மேடு, ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் அறை இருக்கும் மேடு. அதன் மேல்தான் அவரும் மூன்று எருமைகளும் நின்றிருந்தார்கள். விடிவதற்குள் கன்றும் பிறந்துவிட்டது. எருமைகள் நீந்தாதா என்று நான் கேட்டேன். நீந்தும். ஆனால் தண்ணீருக்கு அடியில் சரிந்த சுரைப்பந்தல்களும் முள்கம்பி வேலிகளும் காய் கழுவத் தோண்டிய பள்ளங்களும் இருந்தன. முந்தின நாள் மாலை பக்கத்து வீட்டுப் பசு ஒன்று பள்ளத்தில் இறங்கி, கம்பியில் கால் சிக்கி, எல்லோரும் பார்க்கப் பார்க்க மூழ்கிவிட்டது. மூன்று எருமைகளையும் விட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு எதுவும் இல்லை.

பால்காரரின் மனைவி கைபேசியில் கணவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாதையில இப்ப முட்டிக்கு மேலதான் தண்ணி. கன்னுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிடலாம்னு பார்க்கிறேன். மத்ததுங்க பின்னாலயே வந்துடும்" என்றார் அவர்.

என் மனைவி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நேத்து அமாவாசைதானே?"

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் கிழிப்பது நான். ஆமாம் என்றேன்.

"அப்பன்னா ஒம்போது மணிக்கு மேல வத்தம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, போனில் தெளிவான இந்தியில் சொன்னாள்: "பையா, அவசரப்படாதீங்க. ஒன்பது மணிக்கு மேல தண்ணி தானா எறங்கும். அதுக்குள்ள கன்னுக்குட்டியும் நல்லா கால் ஊனிக்கும்."

அவள் சொன்ன தோரணையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தீதி கடற்கரை ஊர்க்காரி என்பது பால்காரர் வீட்டுக்குத் தெரியும். சரி தீதி என்று அவர் இறங்காமல் நின்றுவிட்டார். மனைவி ஒரு மூங்கில் சிம்பைத் தண்ணீர் ஓரம் குத்தி, எங்கள் பெண்ணின் சிவப்பு ரப்பர் பேண்டை வாங்கி, தண்ணீர் நின்ற மட்டத்தில் அடையாளம் மாட்டினாள். இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு.

நாங்கள் அங்கேயே டீ குடித்தோம். ஒன்பது தாண்டியது. ரப்பர் பேண்டைக் காணவில்லை. தண்ணீர் அதற்கு மேல் ஒரு சாண் ஏறி, சிம்பின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

என்னுடைய வேலையில் ஒரு வரியை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் தப்பு தெரியும். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ சொன்ன வத்தம் எந்தக் கடலோடது?" என்றேன்.

கடல் உள்வாங்கும்போது முகத்துவாரம் வழியாக அவள் ஊர் ஏரித் தண்ணீரும் இறங்கும். அமாவாசையை வைத்து மணி சொல்வார்கள். அவள் அம்மா சொல்வாள், அவளும் சொல்வாள், தப்பாது. மயூர் விஹாரில் இருந்து அந்தக் கடலுக்கு ஒன்றரை நாள் ரயில் ஓட வேண்டும். இது மலையில் பெய்த மழைத் தண்ணீர். இதற்கு அமாவாசையும் தெரியாது, ஒன்பது மணியும் தெரியாது.

இந்த நேரத்தில் மழுப்ப ஆயிரம் வழி இருக்கிறது. அவள் நேராகப் பால்காரரின் மனைவியிடம் போனாள்.

"பெஹன், நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்க ஊர்த் தண்ணின்னு நெனச்சுட்டேன். இது எறங்காது."

அந்தப் பெண் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சேலைத் தலைப்பை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் போட்டோம். பாதையில் இப்போது இடுப்பளவு தண்ணீர். எங்கே பாதை, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. மேடு சுருங்கிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது. திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கேட்டோம். படகுகள் எல்லாம் மேற்கே, மாடிகளில் சிக்கிய மனிதர்களைக் கொண்டுவரப் போயிருக்கின்றன, இந்தப் பக்கம் வரச் சாயங்காலம் ஆகும் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சாயங்காலம் அந்த மேடு இருக்காது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது.

மனைவி கரை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பி வந்தாள். தண்ணீரில் மிதந்த ஆகாயத்தாமரைக் கொத்துகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"அதோ அந்த மதகுகிட்ட பாருங்க. செடியெல்லாம் ஓடுது. ஆறு உள்ள வர்ற வழி அது. அதுதான் முகத்துவாரம். அங்க கால் வெச்சா ஆளே கெடையாது. இந்தப் பக்கம் பாருங்க, காலையில பார்த்த கொத்து அங்கயே நிக்குது. இது உள்ஏரி. இழுப்பு இல்ல. இடுப்பு, மிஞ்சினா மார்பு."

"அதனால?"

"அதனால நான் போறேன்."

எங்கள் பெண் டெல்லியில் பிறந்தவள். பதற்றம் வந்தால் அவள் தமிழ் காணாமல் போகும். "மம்மி, பாகல் ஹோ கயீ ஹோ, பைத்தியமா? உனக்குக் கடைசியா ஸ்விம் பண்ணது எப்போன்னே ஞாபகம் இல்ல!"

"யாருடி நீந்தப் போறா? ஏரில யாரும் நீந்த மாட்டாங்க. நடப்பாங்க."

நான் தடுத்தேன். தடுத்தேன் என்று எழுதுகிறேனே தவிர, இரண்டு வாக்கியம்தான் சொன்னேன். அவள் சொன்னாள்: "ஏழு மணிக்கு அந்த மனுஷன் எறங்கியிருப்பாரு. முட்டித் தண்ணில வந்து சேர்ந்திருப்பாரு. நிறுத்தினது நானு."

பிறகு நடந்ததெல்லாம் வேகம். கரையில் இருந்தவர்கள் இரண்டு டிராக்டர் டியூப்களில் காற்றடித்து, அவற்றின் மேல் ஒரு கயிற்றுக்கட்டிலைக் கட்டினார்கள். தார்ப்பாய்க்கு முட்டுக் கொடுத்த மூங்கில்களைப் பிடுங்கி அதில் அடுக்கினார்கள். நீளமான நைலான் கயிறு ஒன்று வந்தது. கண்ணாடித் துண்டு குத்தும் என்று எங்கள் பெண் தன் ஓட்டப் பயிற்சி ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். மனைவி போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். "இதப் போட்டா காலுக்குக் கண்ணு தெரியாது." கடைசியில் சமரசம். பெண் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியைக் கிளறி, டிசம்பர் குளிருக்குப் போடும் கம்பளிக் காலுறைகளை எடுத்து வந்தாள். ஜூலை மாதப் புழுக்கத்தில் என் மனைவி கம்பளிக் காலுறையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினாள்.

போலீஸ்காரர் மறித்தார். வாக்குவாதம் நடந்தது. கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை கரையில் இருக்கும், இழுப்பு தெரிந்தால் திரும்பிவிடுவேன் என்றாள். அவர் தண்ணீரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், கட்டிலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். தன்னிடம் இருந்த ஒரே மிதவைச் சட்டையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம் பையா. இவருக்குக் குடுங்க. இவரு ஊர்ல தண்ணியே கெடையாது."

அப்போதுதான் நானும் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. கட்டிலைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். மற்ற ஆண்கள் நான் முந்தி நீ முந்தி என்று வந்தார்கள். அவள் விடவில்லை. "பழக்கமில்லாத ஆளுங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு நடப்பாங்க. இவரு நான் சொன்னாக் கேப்பாரு." கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பால்காரரின் மனைவிகூட.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சாணமும் டீசலும் அழுகிய இலையும் சேர்ந்த வாடை. முதல் அடி வைத்ததும் அவள் திரும்பிச் சொன்னாள்.

"காலைத் தூக்கவே கூடாது. தூக்கி வெக்காதீங்க, தேய்ச்சுத் தேய்ச்சு வாங்க. எங்க ஊர்ல சேத்துக்குள்ள திருக்கை படுத்திருக்கும். மேல மிதிச்சா முள்ளால அடிச்சிடும். தேய்ச்சுக்கிட்டுப் போனா கால் பட்டதும் அதுவே வெலகிடும். சின்னதுல பழகினது. இங்க திருக்கை இல்ல, கம்பியும் பள்ளமும் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே நடைதான்."

அப்படியே நடந்தோம். பாதம் தரையை விட்டு எழும்பாமல், முன்னே போகும் காலின் விரல்கள் முதலில் தடவி, எதிரே தரை இருக்கிறது என்று தெரிந்த பிறகே கனத்தை மாற்றி. டிராக்டர் போகும் மண்பாதை அடியில் கெட்டியாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கொழகொழவென்று உழுத நிலம். கால் வழுவழுப்பில் பட்டால் அவள் நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவி, கெட்டித் தரையைக் கண்டுபிடித்து மறுபடி நகர்வாள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு மூங்கிலை ஊன்றி, அதில் கிழிந்த தார்ப்பாய்த் துண்டைக் கட்டுவாள். ஏரியில் ஆழமான ஓடை எங்கே போகிறது என்று காட்ட இப்படித்தான் கம்பு நடுவார்களாம். கரையில் எங்கள் பெண் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் போலீஸ்காரர் அதன் நுனியைத் தன் இடுப்பில் சுற்றிப் பிடித்திருந்தார்.

பாதி வழியில் பாதை வளைந்தது. அவள் நின்று தடவிக்கொண்டிருந்தாள். என் முழங்காலில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. பாம்போ சுரைக்கொடியோ, இன்றுவரை தெரியாது. நான் காலைத் தூக்கிவிட்டேன்.

தூக்கிய காலை வைத்த இடத்தில் தரை இல்லை. மூக்கு வரை தண்ணீர். மிதவைச் சட்டை தூக்கிவிட்டது, ஆனால் இடது கால் ஏதோ கம்பியில் மாட்டியிருந்தது. கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கத்தவில்லை, வாயில் தண்ணீர். அவள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பி வந்து, குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, என் வேட்டியை... வேட்டி இல்லை, அன்று போட்டிருந்தது பழைய பைஜாமா. அதன் கால்பகுதியைக் கம்பியோடு சேர்த்துக் கிழித்து விடுவித்தாள். சேற்றில் கை விட்டு இறால் எடுத்தவளுக்கு, பார்க்காமலே எது துணி எது கம்பி என்று தெரிந்தது.

"விருதுநகர்க்காரரே, இது ஏரியா காயலா?" என்றாள்.

இரண்டு முறை இருமிவிட்டு, "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றேன்.

"அப்ப கால கீழ வெச்சு நடங்க."

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு மூங்கில்களைக் குறுக்காக நட்டாள்.

மேட்டில் ஏறியபோது அங்கே நாலைந்து கட்டில் போடும் அளவுக்குத்தான் இடம் மிச்சம். மூன்று எருமைகளும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஈரம் காயாத கறுப்புக் கன்று. பால்காரர் எங்களைக் கும்பிட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்.

"தீதி, ஒன்பது மணி ஆயிடுச்சா?"

அவள் முகம் சிவந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்தது உடைந்த மாதிரி அவரே சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். தண்ணீருக்கு நடுவில் அந்தத் துண்டு நிலத்தில் நின்று மூன்று பேரும் சிரித்தோம். பெரிய எருமை எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது.

கன்றைக் கட்டிலில் படுக்க வைத்துத் துண்டால் மெதுவாகக் கட்டினோம். அவளுடைய கணக்கு இதுதான்: கன்று போகும் இடத்துக்குத் தாய் வரும், தாய் போகும் இடத்துக்கு மற்ற இரண்டும் வரும். கட்டில் தண்ணீரில் இறங்கியதும் கன்று கத்தியது. பெரிய எருமை ஒரு நொடி யோசிக்கவில்லை. தண்ணீரில் பொத்தென்று இறங்கி, மூக்கைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துக்கொண்டது. கடைசி வரை அதை எடுக்கவில்லை. கட்டிலை நான் தள்ளியதா அது தள்ளியதா என்று சொல்வது கஷ்டம்.

போகும்போது நட்ட மூங்கில்கள் வரும்போது தெரு மாதிரி நின்றன. ஒரு இடத்தில் தண்ணீர் மார்புக்கு வந்தது. அங்கே சின்ன எருமை பாதையை விட்டு மதகுப் பக்கம் திரும்பியது. அங்கே செடிகள் ஓடிக்கொண்டிருந்ததை இப்போது நானே பார்த்தேன். பால்காரர் அதன் பின்னால் போகத் திரும்பினார். "நீங்க போகாதீங்க, கூப்பிடுங்க!" என்று மனைவி கத்தினாள். அவர் நின்ற இடத்தில் நின்று, தினமும் கறக்கும் நேரத்தில் கூப்பிடுகிற அதே கூப்பாட்டைப் போட்டார். சின்னது காதை ஆட்டியது. இன்னும் கொஞ்ச தூரம் போனது. அவர் மறுபடி கூப்பிட்டார். கழுத்து வரை தண்ணீரில் அது மெதுவாக வளைந்து, அரைவட்டம் போட்டு, எங்கள் பின்னால் வந்து சேர்ந்தது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கரையில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. முட்டித் தண்ணீர் வந்ததும் பத்துப் பதினைந்து பேர் இறங்கி ஓடி வந்தார்கள். கட்டிலைக் கன்றோடு தூக்கித் தோளில் வைத்துப் புஷ்தா மேல் ஏற்றினார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது. விசில், கைதட்டல், "மதராசி தீதி ஜிந்தாபாத்!" யாரோ தட்டைக் கரண்டியால் அடித்தார்கள். எருமைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் ஏறி, உடம்பை உதறி, சுற்றி நின்ற எல்லோரையும் நனைத்தன. பால்காரரின் மனைவி மூன்றின் நெற்றியையும் தொட்டாள். பிறகு வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். சேறு, சாணம், எதையும் பார்க்கவில்லை.

எங்கள் பெண் அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அப்புறமும் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ செமயா நாறுற" என்றாள் நல்ல தமிழில். போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்தபோது அவர் இடுப்புச் சட்டை இறுகிச் சுருங்கி இருந்தது. கயிற்றை அவர் ஒரு முறைகூடத் தளர்த்தவில்லை. மிதவைச் சட்டையை வாங்கிக்கொண்டு, "மேடம் எந்தப் படையில இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆடிட்" என்றாள்.

அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

அன்று மதியம் நாங்கள் டெட்டால் போட்டுக் குளித்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். சாயங்காலம் பால்கனியில் நின்று பார்த்தபோது மேடு இல்லை. மோட்டார் அறையின் கூரை மட்டும் தெரிந்தது. மூங்கில் வரிசையில் பாதி மூழ்கி, தார்ப்பாய்த் துண்டுகள் தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில என் பேச்சக் கேக்காம எறங்கியிருந்தா இவ்ளோ கஷ்டமே இல்ல" என்றாள். அவள் பால்காரர் வீட்டுக்குச் செய்தது பெரிய உதவி என்று எல்லோரும் சொன்னார்கள். தான் செய்த தப்பைத் தானே நடந்துபோய்த் திருத்தியதாகத்தான் அவள் சொல்வாள். எழுத்துப்பிழையை மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டு முடித்துவிடுகிற தொழிலில் இருக்கிற எனக்கு, திருத்தம் என்றால் என்ன என்று அன்று தெரிந்தது.

காயல், களப்பு, கழிமுகம் என்று இப்போதும் செய்திகளில் வருகிறது. பொருத்தம் பார்த்துத்தான் போடுகிறேன். ஆனால் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது மேஜைக்கு அடியில் என் பாதம் இரண்டும் தரையை ஒட்டி அழுந்துகின்றன. பழவேற்காட்டுக்கு மட்டும் ஏரி என்றே எழுதுகிறேன்.

அன்றைக்கு மறுநாள் காலை கதவைத் திறந்தேன். கைப்பிடியில் தூக்கு கனமாகத் தொங்கியது. உள்ளே சீம்பால் இருந்தது.